டீச்சர் பதில்கள்: இந்த இதழ் முழுக்கக் காட்ஸ்

சென்ற இதழில் ஒரு மாணவி, "நிகழ்தகவு படித்து என்ன பயன்?" என்று கேட்டிருந்தாள். பதிலுக்கு நடுவே, ரொறன்ரோவில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் இணையத்தில் நடந்த போக்கர் என்ற சீட்டாட்டச் சுற்றுப்போட்டி ஒன்றில் ஒன்பதாம் இடம் வந்ததைப் போகிற போக்கில் சொல்லிவைத்தேன். நிகழ்தகவை எல்லாரும் விட்டுவிட்டார்கள், போக்கரைப் பிடித்துக்கொண்டார்கள். ஆசிரியரும், "டீச்சர், இந்த முறை அதையே எழுதிவிடுங்கள்" என்றார். உவர்மலை வீட்டு விறாந்தையில் கடிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மான் ஒன்று வேலிக்குள் தலையை விட்டு என் செவ்வரத்தையை மேய்கிறது. எழும்பி விரட்டினால் யோசனை அறுந்துவிடும். மேயட்டும்.

லிங்கநகர் வாசகர்: போக்கர் சுற்றுப்போட்டியில் வெல்வது அதிர்ஷ்டமா, படிப்பா? சுற்றி வளைக்காமல் ஒரு வரியில் சொல்லுங்கள்.

இன்றிரவு யார் வெல்கிறார் என்றால், அதிர்ஷ்டம். பத்து வருடம் கழித்து யார் கையில் காசு மிஞ்சியிருக்கும் என்றால், படிப்பு.

ஒரு வரி கேட்டீர்கள், இரண்டாகிவிட்டது. இனி நான் நிறுத்தப் போவதில்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இப்போது உலகம் முழுக்க ஆடுவது 'டெக்சாஸ் ஹோல்டெம்' என்ற வகை. ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாகக் கொடுப்பார்கள். மேசை நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு திறக்கப்படும்: முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று. ஏழில் நல்ல ஐந்தை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கட்டத்திலும் சிப்ஸ் (காசுக்குப் பதிலாக வைக்கும் வில்லைகள்) கட்டலாம், கூட்டலாம், அல்லது கையை மடித்துவிட்டுப் பேசாமல் இருக்கலாம். சுற்றுப்போட்டியில் சிப்ஸ் முடிந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த கை இரண்டு ஏஸ். 221 முறைக்கு ஒரு முறை வரும். எதிராளியிடம் இரண்டு கிங் இருக்கிறது என்று வையுங்கள். அப்போது ஏஸ்காரர் 100 இல் ஏறத்தாழ 82 முறை வெல்வார். இப்படி ஒரு நிலையை யாரும் கனவில்தான் காணலாம். இப்போது ஒரு சுற்றுப்போட்டியில் ஐந்து தடவை முழுச் சிப்ஸையும் நடுவில் தள்ள வேண்டி வருகிறது, ஐந்து தடவையும் உங்களுக்கு ஏஸ், எதிரிக்குக் கிங். ஐந்தையும் வெல்ல நிகழ்தகவு 0.82 இன் ஐந்தாம் அடுக்கு. போட்டுப் பாருங்கள்: 0.37. கனவு ஐந்து முறை பலித்தும், 100 இல் 63 முறை நீங்கள் இடையில் வெளியே.

நிஜத்தில் நன்றாகப் படித்த ஒருவர் 60க்கு 40 என்ற நிலையில் சிப்ஸைத் தள்ளினாலே கெட்டிக்காரர். அவர் ஐந்து முறை தப்ப 7.8 வீதம். படிக்காமல் காசு சுண்டுவதுபோல 50க்கு 50 இல் தள்ளுகிறவருக்கு 3.1 வீதம். படிப்பு வாய்ப்பை இரண்டரை மடங்காக்கியிருக்கிறது, சின்ன விஷயமா? ஆனால் அந்தப் படித்தவரும் 100 இல் 92 முறை வீட்டுக்குப் போகிறார். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள்தான் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள்.

"அப்படியானால் ஏன் முழுச் சிப்ஸையும் தள்ள வேண்டும், மெல்ல மெல்ல ஆடலாமே?" என்று அடுத்து கேட்பீர்கள். ஆட விடமாட்டார்கள். சீட்டைப் பார்க்குமுன் இரண்டு பேர் கட்டாயமாகக் கட்ட வேண்டிய தொகைக்கு 'பிளைண்ட்' என்று பெயர். சுற்றுப்போட்டியில் இது நேரத்துக்கு நேரம் ஏறிக்கொண்டே போகும். தொடக்கத்தில் கையிலிருக்கும் சிப்ஸ் நூறு இருநூறு பிளைண்டுக்குக் காணும். நடுராத்திரியில் அதே சிப்ஸ் பதினைந்துக்குக்கூடக் காணாது. பொறுத்திருந்தால் கரைந்து போவீர்கள். போட்டி ஒரு நேரத்தில் முடிய வேண்டும் என்பதற்காகவே அதிர்ஷ்டத்தின் பங்கைக் கூட்டி வைத்த ஏற்பாடு அது.

சாம்பல்தீவு வாசகர்: என் பிறந்த எண் 8. போக்கர் ஆட எந்தக் கிழமை நல்லது?

உங்கள் எதிராளிக்கும் ஒரு பிறந்த எண் இருக்கும், அவரும் நல்ல கிழமை பார்த்துத்தான் வந்திருப்பார். கேள்வியை அவருடைய சோதிடருக்கு அனுப்பிவிடுங்கள்.

கிண்ணியாவிலிருந்து ஒரு தாய்: மகன் கொழும்பில் வேலை. "உம்மா, இது சூதில்ல, கணக்கு" என்று சொல்லி போக்கர் ஆடுகிறார். இப்போது ஏதோ பெரிய போட்டிக்குச் சேர 2 இலட்சம் ரூபா கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள், தங்கச்சி.

மகன் சொன்னது முழுப் பொய்யில்லை. ஆனால் கணக்கு என்றால் கணக்குக் கொப்பி இருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். எந்தத் திகதி, எந்தப் போட்டி, கட்டின தொகை, எத்தனை பேர், எத்தனையாம் ஆளாக வெளியேறினார், திரும்பி வந்தது எவ்வளவு. ரொறன்ரோப் பொடியன் இதை எல்லாம் எழுதி வைத்திருக்கிறான், தோற்ற நாட்களைச் சிவப்பு மையில். கொப்பி இல்லாமல், வென்ற ராத்திரிகள் மட்டும் ஞாபகத்தில் இருந்தால், அதைக் கணக்கென்று நான் ஏற்கமாட்டேன்.

கொப்பி இருக்கிறதென்றே வைத்துக்கொள்வோம். மகன் கெட்டிக்காரர், 1,000 பேர் ஆடும் போட்டியில் சராசரி ஆளைவிட இரண்டு மடங்கு வாய்ப்புள்ளவர். அதாவது 500க்கு ஒரு முறை முதலிடம். கிழமைக்கு ஒன்றென வருடத்துக்கு 50 போட்டி ஆடினால், பத்து வருடத்தில் 500 போட்டி. அந்தப் பத்து வருடத்திலும் ஒரு தடவைகூட முதலிடம் வராமலே போக நிகழ்தகவு எவ்வளவு தெரியுமா? 37 வீதம். மூன்று கெட்டிக்காரரில் ஒருவருக்கு மேல்! பரிசின் பெரும்பகுதி முதல் சில இடங்களுக்குத்தான் போகும். அதற்குக் கீழே சும்மா கட்டின காசு வருவதே பெரிய காரியம். ஒவ்வொருவரிடமும் வாங்கும் தொகையில் ஒரு பங்கை நடத்துகிறவர் எடுத்துக்கொள்வதால் சராசரி ஆட்டக்காரர் நட்டப்பட்டே ஆக வேண்டும்.

தொழிலாக ஆடுகிறவர்கள் இதனால்தான் ஒரு போட்டிக்குக் கட்டுவதைப்போல நூறு மடங்கைத் தனியாக ஒதுக்கி வைத்திருப்பார்கள். பெரிய போட்டியானால் தங்கள் பங்கை மற்றவர்களுக்கு விற்று, நட்டத்தையும் இலாபத்தையும் பகிர்ந்துகொள்வார்கள். உம்மாவின் நகையை அடகு வைத்து வருகிறவர் அந்தக் கூட்டத்தில் இல்லை.

இன்னொன்றையும் மெதுவாக விசாரியுங்கள். யாரிடமாவது கடன் பட்டிருக்கிறாரா? ஆடுவதை மறைக்கிறாரா? நிறுத்தப் பார்த்து முடியாமல் போனதா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றால் என்னிடம் கேட்டுப் பயனில்லை. சண்டை பிடிக்காமல் உளவளத்துணைக்குக் கூட்டிப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம்.

கோணேசபுரி, பல்கலைக்கழக மாணவர்: காசு வைத்து ஆடும் எண்ணமில்லை. ஆனால் இந்த ஆட்டத்தில் 'படிப்பது' என்றால் எதைப் படிப்பது? அதில் படிக்க என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியைத்தான் நான் எதிர்பார்த்துக் கொண்டிருந்தேன், மகன்.

முதலாவது, எறியப் படிப்பது. 52 சீட்டில் இரண்டு சீட்டுக் கைகள் 1,326 விதம். நிறத்தையும் இனத்தையும் சுருக்கிப் பார்த்தால் 169 வகை. அதில் பெரும்பாலானவை குப்பை. பழகாதவர்கள் "இவ்வளவு நேரம் சும்மா இருந்தேனே, இதையாவது ஆடிப் பார்ப்போம்" என்று உள்ளே போவார்கள். ஐந்தில் நாலு கையை மடித்துவிட்டுக் கைகட்டி இருப்பது வாலிப வயதுக்குச் சரியான தண்டனை.

அடுத்தது இடம். கடைசியாகப் பேசுகிறவருக்கு மற்றவர்கள் செய்தது முழுக்கத் தெரியும். ஒரே சீட்டு முதல் இடத்தில் எறிய வேண்டியதாகவும், கடைசி இடத்தில் ஆட வேண்டியதாகவும் ஆகும்.

பிறகு விலை. இது சாதாரணதரத்துப் பிள்ளைக்கும் விளங்கும். மேசை நடுவில் 2,000 சிப்ஸ் கிடக்கிறது. எதிராளி 1,000 கட்டுகிறார். நீங்கள் தொடர 1,000 கட்ட வேண்டும், கட்டினால் மொத்தம் 4,000. நாலில் ஒரு பங்கைப் போட்டு முழுவதையும் கேட்கிறீர்கள், ஆகவே உங்களுக்கு 25 வீதமாவது வாய்ப்பிருக்க வேண்டும். உங்களிடம் ஆடுதனில் (ஹார்ட்ஸ்) நாலு சீட்டு சேர்ந்திருக்கிறது, ஐந்தாவது வந்தால் வெற்றி. திறக்க இன்னும் ஒரே சீட்டுத்தான் பாக்கி. பார்க்காத சீட்டு 46, அதில் ஆடுதன் 9. அதாவது 19.6 வீதம். 25க்குக் காணாது. ஆடுதன் வந்தபிறகு எதிராளியிடமிருந்து இன்னும் கறக்கலாம் என்று நம்பக் காரணம் இல்லாவிட்டால், மடியுங்கள். இரண்டு சீட்டு பாக்கி இருக்கும்போது இதே வாய்ப்பு 35 வீதம். அப்போது கதை வேறு.

இதுவரை சொன்னது எந்தப் போக்கருக்கும் பொருந்தும். சுற்றுப்போட்டிக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது. எனக்கு மிகப் பிடித்ததும் அதுதான். பொடியன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை எழுதி அனுப்பி, "டீச்சர், நான் மடித்தது சரியா?" என்று கேட்டபோதுதான் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்.

மூன்று பேர் மிச்சம். பரிசு 50,000, 30,000, 20,000 ரூபா என்று வையுங்கள். மூவரிடமும் சம அளவு சிப்ஸ். ஆகவே ஒவ்வொருவருடைய நிலையும் 33,333 ரூபா பெறும். ஒருவர் முழுவதையும் தள்ளுகிறார். நீங்கள் ஏற்றால் வெல்ல 55 வீதம் என்று உங்களுக்குத் தெரிகிறது. ஏற்பீர்களா? வென்றால் அவர் வெளியே, உங்களிடம் மூன்றில் இரண்டு பங்கு சிப்ஸ். முதலிடம் வர மூன்றில் இரண்டு வாய்ப்பு, இரண்டாமிடம் வர மூன்றில் ஒன்று, கூட்டினால் 43,333. தோற்றால் மூன்றாமிடம், 20,000. ஆக, வென்றால் 10,000 கூடும், தோற்றால் 13,333 குறையும். சிப்ஸ் இரட்டித்தது, காசு இரட்டிக்கவில்லை! சமன் செய்ய 57 வீதத்துக்குச் சற்று மேல் தேவை. 55 வீதம் வெல்லக்கூடிய கையை மடிப்பதுதான் சரி. பொடியன் மடித்திருந்தான். பரிசு தொடங்க ஓரிரண்டு ஆள் மட்டும் வெளியேற வேண்டிய நேரத்தை 'பப்பிள்' என்பார்கள். அங்கேயும் இதே கணக்கு இன்னும் கடுமையாக வேலை செய்யும். இதைப் படித்தவரும் படிக்காதவரும் பிரிகிற இடம் அது.

ஆனால் இந்தப் படிப்பில் ஒரு கொடுமை உண்டு. பரீட்சையில் வழி சரியென்றால் புள்ளி வரும். இங்கே சரியாக மடித்தவனுக்கு அடுத்த சீட்டில் "ஐயோ, ஆடியிருந்தால் வென்றிருப்பேனே" என்று தெரியும், பிழையாக ஆடினவனுக்கு மலைபோலச் சிப்ஸ் குவியும். வினாத்தாள் திருத்துகிறவர் பைத்தியம் பிடித்தவர் என்று வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். அதனால்தான் நல்ல ஆட்டக்காரர்கள் வென்றோமா தோற்றோமா என்று பார்க்காமல், முடிவெடுத்த கணத்தில் கையில் என்ன தகவல் இருந்தது என்று மறுநாள் உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

நிலாவெளியில் விடுதியொன்றில் வேலை செய்பவர்: சீசனில் வந்த வெள்ளைக்காரர்களோடு பகிடிக்குப் போக்கர் ஆடினேன். எனக்கு இரண்டு ஏஸ், அவருக்கு 7உம் 2உம். அவர் வென்றுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். இது எப்படி?

எட்டுத் தடவைக்கு ஒரு தடவை அப்படி நடக்கும், தம்பி. அவர் சிரித்ததில் பிழையில்லை. நீங்கள் சிப்ஸ் தள்ளியதிலும் பிழையில்லை. அடுத்த சீசனில் வந்தால் இன்னும் ஏழு தடவை ஆடச் சொல்லுங்கள்.

மூதூர் வாசகர்: அமெரிக்காவில் ஒரு கணக்காளர் சின்னக் காசு கட்டி உலகப் போட்டியையே வென்றாராமே? படிக்காமல் வெல்லலாம் என்பதற்கு அது சாட்சி இல்லையா?

கிறிஸ் மணிமேக்கரைச் சொல்கிறீர்கள். குடும்பப் பெயரே அதுதான். 2003 இல் 86 டொலர் இணையப் போட்டி ஒன்றில் தொடங்கி, 10,000 டொலர் நுழைவுக் கட்டணமுள்ள உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டிக்கு இடம் பிடித்தார். மற்ற 838 பேரையும் கடந்து 25 இலட்சம் டொலர் வென்றார். அதற்கு முன் பெரிய மேசையில் நேரில் ஆடியவரே இல்லை.

அவருடைய போட்டியில் இரண்டு கைகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பத்துப் பேர் மிச்சமிருந்தபோது, தொழில்முறை ஆட்டக்காரர் பில் ஐவியோடு ஒரு கை. ஐவியிடம் இரண்டு 9. மணிமேக்கரிடம் ஏஸ், குயின். மேசையில் குயின், குயின், 6. மணிமேக்கர் முன்னால். நாலாவது சீட்டு 9! இப்போது ஐவியிடம் மூன்று 9உம் இரண்டு குயினும். சிப்ஸ் முழுக்க உள்ளே. பார்க்காத சீட்டு 44. மணிமேக்கரைக் காப்பாற்றக்கூடியவை மூன்று ஏஸ், ஒரு குயின், மூன்று 6, ஆக ஏழு. 16 வீதம். கடைசிச் சீட்டு ஏஸாக வந்தது. ஐவி பத்தாம் இடத்தோடு வெளியே. இதற்குப் பெயர் அதிர்ஷ்டம்தான், வேறு சொல்லில்லை.

கடைசி இருவராக சாமி ஃபர்ஹாவோடு இன்னொரு கை. மணிமேக்கரிடம் ஒன்றுமே சேரவில்லை, வெறும் கிங். ஃபர்ஹாவிடம் ஒரு சோடி 9. மணிமேக்கர் முகத்தில் ஒன்றும் காட்டாமல் முழுச் சிப்ஸையும் தள்ளினார். ஃபர்ஹா நெடுநேரம் யோசித்து மடித்தார். அங்கே சீட்டு உதவவில்லை. எதிராளி எந்தக் கதையை நம்புவார் என்று தெரிந்திருந்தது மட்டும் உதவியது.

சாட்சி என்று கேட்டீர்கள். அதே ஆளே இரண்டு பக்கத்துக்கும் சாட்சி சொல்கிறார். மணிமேக்கரைப் பார்த்து உலகம் முழுக்கக் கணக்காளர்கள் கிளம்பிவிட்டார்கள். 839 பேர் ஆடின போட்டியில் 2004 இல் 2,576 பேர், 2006 இல் 8,773 பேர், 2023 இல் 10,043 பேர். ஜொனி சான் 1987, 1988 இரண்டு வருடமும் வென்று 1989 இலும் இரண்டாமிடம் வந்தது இருநூறுக்கும் குறைவானவர்கள் ஆடின காலத்தில். பத்தாயிரம் பேருக்குள் எவ்வளவு படித்தாலும் அதைத் திரும்பச் செய்து காட்டுவது மிகக் கடினம். கூட்டம் பெருகப் பெருகப் பரிசு பெருகும், படிப்பு அந்தக் கூட்டத்துக்குள் மறைந்துபோகும்.

திருக்கடலூர் வாசகர்: பிள்ளைகளுக்குப் படிப்பித்த நீங்கள் சூதைப் பற்றி எழுதலாமா? தருமரும் நளனும் பட்டது போதாதா?

கோபம் நியாயமானது. தருமர் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். சூதில் ஆசை, திறமையில்லை, நிறுத்தவும் தெரியாது. சகுனி அதை முன்கூட்டியே சொல்லித்தான் துரியோதனனை அழைப்பு அனுப்ப வைத்தான்.

நளன் கதையை மட்டும் பாதியில் நிறுத்திவிடுகிறீர்கள். நாட்டை இழந்து, தமயந்தியைப் பிரிந்து, இருதுபன்னன் என்ற மன்னனுக்குத் தேரோட்டியாகப் போனபிறகு என்ன நடக்கிறது? வழியில் ஒரு தான்றி மரம். இருதுபன்னன் பார்த்த பார்வையிலேயே அதன் இலையையும் காயையும் கணக்கிட்டுச் சொல்கிறான். நளனுக்கு நம்பிக்கையில்லை. தேரை நிறுத்தி, நேரம் போனாலும் பரவாயில்லை என்று எண்ணிப் பார்க்கிறான். சரியாக இருக்கிறது! அங்கேயே குதிரை வித்தையைக் கொடுத்து அவனிடம் சூதின் வித்தையைக் கற்றுக்கொள்கிறான். கலி அவன் உடம்பை விட்டு இறங்குவது அந்த இடத்தில்தான். நாட்டை மீட்டதும் படித்த சூதால்தான். மரத்தைப் பார்த்து இலையைக் கணக்கிடுவதும் சூதும் ஒரே வித்தை என்று அந்தக் காலத்திலேயே ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே, அதை நினைத்து வகுப்பில் பலமுறை வியந்திருக்கிறேன்.

ஒரு குறை உண்டு. முன்பு நாட்டை வென்ற புட்கரனோடு மறுபடி ஆடும்போது நளன் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் பணயம் வைக்கிறான். என் மாணவனாக இருந்திருந்தால் பிரம்பெடுத்திருப்பேன்.

எங்கள் வீட்டில் காட்ஸுக்குக் காசு வைப்பதில்லை. தோற்ற பக்கம் தேத்தண்ணீர் போட வேண்டும்.

சென்னை வாசகர்: எங்கள் உயர் நீதிமன்றமே போக்கர் திறமை விளையாட்டு என்றது. அப்புறம் எப்படித் தடை வந்தது? எது சரி?

இரண்டும் வெவ்வேறு கேள்விக்கு வந்த பதில்கள். 1968 இல் உங்கள் உச்ச நீதிமன்றம் ரம்மி பெரும்பாலும் திறமை என்றது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியோடு போக்கரையும் அந்தப் பக்கம் வைத்தது. 2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டமோ, இணையத்தில் காசு கட்டி ஆடுவதென்றால் திறமையோ அதிர்ஷ்டமோ எல்லாம் தடை என்றுவிட்டது. நீதிமன்றம் பார்த்தது ஆட்டத்தின் தன்மையை. நாடாளுமன்றம் பார்த்தது, ராத்திரி இரண்டு மணிக்கும் மூடாத கைத்தொலைபேசியை.

'திறமை விளையாட்டு' என்ற பெயரைக் கேட்டு ஆறுதல்படுகிறவர்களைக் கண்டால்தான் எனக்குக் கவலை. லொத்தரில் எல்லாரும் ஒரே அளவில் முட்டாளாகிறோம். திறமை விளையாட்டில் தெரியாதவருடைய காசு தெரிந்தவரிடம் ஒழுங்காகப் போய்ச் சேரும். சிக்காகோ பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் லெவிட்டும் தோமஸ் மைல்ஸும் 2010 உலகத் தொடரை ஆராய்ந்தார்கள். போட்டி தொடங்குமுன்பே திறமைசாலிகள் என்று குறித்து வைத்தவர்கள், கட்டின காசுக்கு மேல் 30 வீதத்துக்கும் அதிகமாகப் பெற்றார்கள். மற்றவர்கள் 15 வீதம் இழந்தார்கள். போக்கர் திறமைதான் என்று இதைக் காட்டி வாதாடலாம். நான் வாசித்தது அந்த 15 வீதத்தை.

உட்துறைமுக வீதி வாசகி: இப்போது கணினியே மனிதரைப் போக்கரில் வெல்கிறதாம். கணினிக்கு அதிர்ஷ்டம் உண்டா?

கணினிக்கும் அதே சீட்டுக்கட்டுத்தான், அம்மா. 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் 'லிப்ராட்டஸ்' நாலு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு, ஒவ்வொருவரோடும் தனித்தனியாக, 20 நாள் ஆடி வென்றது. நான் அதில் கவனித்தது வேறு. யார் கெட்டிக்காரர் என்று சந்தேகமில்லாமல் சொல்ல அவர்களுக்கு 1,20,000 கைகள் தேவைப்பட்டன. அதுவும் போதாதென்று, ஒரு மேசையில் மனிதருக்குக் கொடுத்த சீட்டை இன்னொரு மேசையில் கணினிக்குக் கொடுத்து, நல்ல கை கிடைத்த அதிர்ஷ்டத்தைக் கழித்துப் பார்த்தார்கள். ஒரு ராத்திரிச் சுற்றுப்போட்டியில் ஒருவர் ஆடுவது சில நூறு கை. அதை வைத்துத் தன்னை மேதை என்று நம்புகிறவரை என்ன செய்வது?

பாலையூற்று வாசகர்: போக்கரை விடுங்கள் டீச்சர். எங்கள் 304க்கு என்ன குறை? சனசமூக நிலையச் சுற்றுப்போட்டியில் வெல்ல ஏதாவது வழி?

ஒரு குறையுமில்லை. தமிழ்நாட்டு வாசகர்களுக்காக: 32 சீட்டு, நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் பங்காளிகள். ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, கிங் 3, குயின் 2, எட்டும் ஏழும் பூச்சியம். ஒரு இனத்துக்கு 76, நாலுக்கும் சேர்த்து 304. முதல் நாலு சீட்டைப் பார்த்துவிட்டு எத்தனை புள்ளி எடுப்போம் என்று கேட்க வேண்டும், துரும்பைக் குப்புற வைக்க வேண்டும், பிறகு மிச்ச நாலு வரும்.

போக்கரில் குப்பைக் கையை மடித்துத் தப்பலாம். 304 இல் எட்டுச் சீட்டையும் கடைசிவரை ஆடியே ஆக வேண்டும். போதாக்குறைக்கு அதிர்ஷ்டம் பங்காளி உருவத்தில் எதிரில் உட்கார்ந்திருக்கும். எனக்கு வாய்த்தவர் என் அத்தான். ஜாக்கைக் கையில் வைத்துக்கொண்டு பாஸ் சொல்லக்கூடிய மனிதர். ஆனால் ஒரு விஷயம் இரண்டிலும் பொது: ஒருவர் செய்ததிலிருந்து மட்டுமல்ல, செய்யாமல் விட்டதிலிருந்தும் அவர் கையை ஊகிக்கலாம். எந்தச் சீட்டு போயிற்று என்று எண்ணாமல் ஆடுகிறவர்கள் பாதிக்கு மேல், அவர்களைப் பிடித்தாலே அரையிறுதிவரை போகலாம்.

வழி கேட்டீர்கள். கணக்குத் தருகிறேன், உயர்தரப் பிள்ளைகளும் சேர்ந்துகொள்ளலாம். முதல் நாலு சீட்டு உங்கள் கைக்கு வந்திருக்கிறது. கலாவரையில் (கிளப்ஸ்) ஒன்பது, ஏஸ், பத்து மூன்றும் இருக்கிறது. ஜாக் இல்லை. நாலாவது சீட்டு வேறு இனம். (அ) உங்களுக்கு வரப்போகும் மிச்ச நாலில் கலாவரை ஜாக் இருக்க நிகழ்தகவு என்ன? (ஆ) ஆட்டம் தொடங்கும்போது அது பங்காளியின் எட்டில் இருக்க? (இ) எதிராளிகள் இருவரில் ஒருவரிடம் இருக்க? மூன்றையும் கூட்டினால் 1 வரவேண்டும், வராவிட்டால் எங்கோ பிழை. (ஈ) உங்களுக்கு முன்பே பங்காளி பாஸ் சொல்லியிருந்தால் விடைகள் எந்தப் பக்கம் நகரும், ஏன்? இரண்டு வரியில். பங்காளி என் அத்தான் இல்லை என்று எடுத்துக்கொள்ளவும்.

விடையை வழியோடு மாத முடிவுக்குள் இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். சரியாக எழுதும் முதல் ஆளுக்கு ஒரு புதுக் கட்டுக் காட்ஸ்.